தோஹாவின் கல்வி மாநாடும் எல்லையோரத்துப் பிள்ளைகளும்

கத்தர் சின்னஞ்சிறிய நாடு. மொத்தப் பரப்பே சுமார் 11,500 சதுர கிலோமீட்டர்தான். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்த நமது பழைய தருமபுரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது என்று வைத்துக் கொள்ளலாம். மக்கள் தொகை 30 லட்சம் அளவில். அதிலும் நாட்டின் குடிமக்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். மற்றவர்கள் பிழைப்புக்காக வந்தவர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

இந்த நாட்டின் தலைநகர் தோஹாவில் 2009 நவம்பர் 16 முதல் 18 வரை ஒரு கல்வி மாநாடு நடந்தது. 'வைஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'கல்வியில் புதுமைக்கான உலக உச்சி மாநாடு' அது. அமைச்சர்கள், பல்கலைக்கழகத் தலைவர்கள், தொண்டு நிறுவனத்தினர், ஆசிரியர்கள் எனச் சுமார் ஆயிரம் பேர் கூடினார்கள். 2015 வரை ஆண்டுதோறும், அதன் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை என இன்றுவரை நடந்து வருகிறது. பொருளாதாரத்திற்குச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போல, கல்விக்கு தோஹா என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

அதே 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் நமது நாட்டில் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒன்று மேடை, மற்றொன்று சட்டம். இவ்விரண்டும் ஜூஜுவாடியில் வாடகை அறையொன்றில் குடியிருக்கும் பிள்ளையை வந்தடைகின்றனவா என்பதே நமது கவலை. அதை எழுதுமுன் அந்த மாநாட்டைப் பற்றி வாசகர்கள் முறையாக அறிந்து கொள்வது நல்லது.

எரிவாயுவும் கல்வி நகரமும்

மாநாட்டை நடத்துவது 'கத்தர் ஃபவுண்டேஷன்'. 1995இல் அன்றைய அமீர் ஷைக் ஹமத் பின் கலீஃபாவும் அவரது துணைவியார் ஷைகா மௌஸா பின்த் நாஸிரும் நிறுவிய அறக்கட்டளை இது. கடலடியில் கிடைத்த இயற்கை எரிவாயு ஒருநாள் தீர்ந்து போகும். அதற்குள் அந்தப் பணத்தை மனிதர்களின் அறிவாக மாற்றிவிட வேண்டும் என்பதே இதன் அடிப்படைச் சிந்தனை. 2008இல் வெளியான 'கத்தர் தேசியத் தொலைநோக்கு 2030' என்ற ஆவணமும் இதையே வலியுறுத்துகிறது.

தோஹாவின் ஓரத்தில் 'கல்வி நகரம்' என்று ஒரு வளாகத்தைக் கட்டி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை அங்கே கிளை திறக்க அழைத்தார்கள். 1998இல் வர்ஜீனியா காமன்வெல்த், 2001இல் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி, 2003இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம், 2004இல் கார்னெகி மெலன், 2005இல் ஜார்ஜ்டவுன் என்று வரிசையாக வந்தன. 2010இல் ஹமத் பின் கலீஃபா என்ற சொந்தப் பல்கலைக்கழகமும் உருவானது. அதன் இஸ்லாமிய ஆய்வுக் கல்லூரிக் கட்டடத்தில் அமைந்த பள்ளிவாசல் ஐந்து பெரும் தூண்களின் மேல் நிற்கிறது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிக்கும் அமைப்பு அது. பார்க்க அழகானது என்பதில் சந்தேகமில்லை.

இரவல் பல்கலைக்கழகங்களை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்விக்கு 2024 பிப்ரவரியில் ஒரு பதில் கிடைத்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் நிர்வாகம் தனது தோஹா கிளையை 2028க்குள் மூடிவிடுவதென்று அமெரிக்காவில் அமர்ந்து முடிவு செய்தது. பணம் கொடுத்தவர் கத்தராக இருந்தாலும், கதவைச் சாத்தும் அதிகாரம் வேறொரு நாட்டில் இருந்தது.

யாருக்குப் பரிசு?

2011 முதல் வைஸ் மாநாட்டில் கல்விக்கான ஒரு பரிசு வழங்கப்படுகிறது. தங்கப் பதக்கமும் 5 லட்சம் டாலரும். இந்தப் பரிசைப் பெற்றவர்கள் யார் என்று பார்த்தாலே மாநாட்டின் மிக நல்ல பக்கம் தெரிந்துவிடும்.

முதல் பரிசு வங்காளதேசத்தின் ஃபஸ்லே ஹசன் ஆபிதுக்கு. 1972இல் அவர் தொடங்கிய 'பிராக்' அமைப்பு, 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளைத் திறந்தது. ஒரு அறை, ஒரு ஆசிரியை, முப்பது சொச்சம் பிள்ளைகள். ஆசிரியை அந்த ஊரிலேயே வாழும் பெண். பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்கள். விவசாய வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் வகுப்பு. பின்னர் இது பல்லாயிரம் பள்ளிகளாக வளர்ந்தது. நமது மக்தபின் அமைப்பைப் போன்றே இது இருப்பதை உலமாக்கள் கவனிக்க வேண்டும். நம்மிடம் அறையும் இருந்தது, ஆசிரியரும் இருந்தார், பிள்ளைகளும் இருந்தார்கள். ஏட்டுக் கல்வியை அதே அறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2012இல் பரிசு பெற்றவர் நமது நாட்டின் மாதவ் சவான். வேதியியல் பேராசிரியராக இருந்தவர், மும்பைக் குடிசைப் பகுதிகளின் பிள்ளைகளுக்காக 'பிரதம்' அமைப்பைத் தொடங்கினார். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு உண்மையில் வாசிக்கத் தெரிகிறதா என்று வீடு வீடாகச் சென்று பரிசோதித்து 2005 முதல் அந்த அமைப்பு வெளியிட்டு வரும் 'ஏசர்' அறிக்கை, ஆட்சியாளர்கள் பலரை நெளிய வைத்த அறிக்கையாகும்.

2015இல் ஆப்கானிஸ்தானின் சகீனா யாகூபி. முதல் தாலிபான் ஆட்சியில் பெண் பிள்ளைகளின் படிப்பு தடை செய்யப்பட்டிருந்தபோது வீடுகளுக்குள் ரகசியமாக 80 பள்ளிகள் நடத்தியவர். அதே ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பர் முதல் பெண் பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டுள்ளன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. தாலிபானின் அரசியல் அலுவலகம் 2013 முதல் இயங்குவது இதே தோஹாவில்தான். இந்தத் தடை மார்க்கத்திற்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிப் வெளிப்படையாகக் கண்டித்தார். 2025 ஜனவரியில் ராபிதா அமைப்பு இஸ்லாமாபாதில் முஸ்லிம் நாடுகளின் பெண் கல்விக்காகவே ஒரு மாநாட்டைக் கூட்டியது. அழைப்பு இருந்தும் ஆப்கான் அரசிலிருந்து எவரும் வரவில்லை. மதரசாவில் ஓதியவர்கள் என்ற முறையில் இதை நாம் மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளித்த ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தியை நாம்தானே ஹதீஸ் வகுப்பில் ஓதுகிறோம்?

2023இல் பரிசு பெற்றவர் சஃபீனா ஹுசைன். டெல்லியில் பிறந்து லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்த இந்தியப் பெண்மணி. 2007இல் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் அவர் தொடங்கிய 'எஜுகேட் கேர்ள்ஸ்' அமைப்புக்கு 2025இல் ரமோன் மகசேசே விருதும் கிடைத்தது. அவர்களின் வேலைமுறை எளிமையானது. அந்தந்தக் கிராமத்து இளைஞர்களும் இளம் பெண்களும் 'டீம் பாலிகா' என்ற பெயரில் தொண்டர்களாகச் சேர்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பள்ளிக்குப் போகாத பெண் பிள்ளைகளின் பட்டியலை எடுக்கிறார்கள். பெற்றோரிடம் பேசுகிறார்கள், ஒருமுறை அல்ல, பலமுறை. பள்ளியில் சேர்த்த பின் பின்தங்கிய பாடங்களைச் சொல்லித் தருகிறார்கள். பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை, பலன் தெரிந்தால் மட்டுமே முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும் என்ற நிபந்தனையோடு இந்தப் பணி நடந்தது. முடிவில், பள்ளிக்கு வெளியே இருந்ததாகக் கண்டறியப்பட்ட பெண் பிள்ளைகளில் 92 சதவீதம் பேர் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

அவர் பரிசு பெற்ற அந்த மாநாடு 2023 நவம்பர் 28, 29 தேதிகளில் நடந்தது. செயற்கை நுண்ணறிவு யுகத்தில் மனித வாழ்வு என்பது அப்போதைய பேசுபொருள். காஸாவில் நவம்பர் 24 முதல் 30 வரை நீடித்த தற்காலிகப் போர்நிறுத்தம், கத்தரின் சமரசத்தால் உருவானது. பள்ளிகள் இடிந்து கிடந்த மண்ணுக்காக ஒரு பேச்சுவார்த்தையும் எதிர்காலப் பள்ளிகளுக்காக இன்னொரு பேச்சும் ஒரே வாரத்தில் ஒரே நகரம் கண்டது. தாக்குதல்களிலிருந்து கல்வியைப் பாதுகாக்கும் உலக நாள் என்று செப்டம்பர் 9ஐ ஐ.நா. பொதுச்சபை 2020 மே மாதம் அறிவித்ததும் கத்தர் முன்மொழிந்த தீர்மானத்தால்தான். அந்த நாள் காலண்டரில் இருக்கிறது. காஸாவின் பள்ளிகள்தான் இல்லை.

மொழியில் சறுக்கிய கதை

உலகத்திற்குக் கல்வி பற்றி வகுப்பெடுக்கும் நாட்டின் சொந்தப் பள்ளிகள் எப்படி? இதைப் புகழ் பாடும் கட்டுரைகள் தொடுவதில்லை. நமக்கு மிகவும் பாடமாக அமைவது இதுதான்.

2001இல் கத்தர் அரசு அமெரிக்காவின் 'ராண்ட்' ஆய்வு நிறுவனத்தை அழைத்துத் தனது பள்ளிகளை ஆராயச் சொன்னது. அதன் யோசனைப்படி 2002இல் கல்விக்கான உயர் குழு அமைந்தது. 2004இல் 12 'சுயேச்சைப் பள்ளிகள்' திறக்கப்பட்டன. அரசு பணம் கொடுக்கும், நிர்வாகம் தனியே இயங்கும். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். வீட்டிலும் பள்ளிவாசலிலும் அரபி பேசும் பிள்ளை, ஆசிரியருக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் கணக்குப் போட வேண்டியதாயிற்று. பெற்றோர் முணுமுணுத்தார்கள். அரபி தேய்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். 2012 ஜனவரியில் கத்தர் பல்கலைக்கழகத்தின் சட்டம், ஊடகம், நிர்வாகவியல் போன்ற துறைகளை மீண்டும் அரபிக்கு மாற்ற உத்தரவு வந்தது. பள்ளிகளிலும் அரபி திரும்பியது. பின்னர் சுயேச்சைப் பள்ளி முறையே கைவிடப்பட்டு, உயர் குழு போய்க் கல்வி அமைச்சகம் மீண்டும் வந்தது.

'பீசா' என்ற உலகத் தேர்வில் 2006இல் கத்தர் மாணவர்கள் கணிதத்தில் பெற்ற சராசரி 318. பங்கேற்ற 57 நாடுகளில் கடைசிக்கு அருகே. 2022இல் அது 414 ஆக உயர்ந்தது. வளர்ந்த நாடுகளின் சராசரியான 472ஐ இன்னும் எட்டவில்லை என்றாலும் இது பெரிய ஏற்றம். தோற்ற பின்பும் ஒவ்வொரு முறையும் தேர்வெழுத உட்கார்ந்தார்கள் என்பதே இதில் பாராட்டத்தக்கது. ஏனெனில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இதே தேர்வை எழுதின. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் கிர்கிஸ்தானுக்கு மேலே, அடிமட்டத்தில் நின்றன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தாதவை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக் கொண்டது.

இன்னொரு குறையும் உண்டு. கத்தரில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள குறிப்பிட்ட அளவு சம்பளம் வேண்டும். 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் அதற்குத் தனியாக 500ம் 300ம். இதைச் சட்டமாக்கியது நல்ல காரியமே. ஆனால் இந்தக் கூலியில் வேலை பார்ப்பவரின் பிள்ளை தோஹாவில் படிக்க முடியாது. மாநாட்டு அரங்கைக் கட்டிய கொத்தனாரின் மகன், தந்தையைத் தொலைபேசியில் மட்டும் பார்த்துக்கொண்டு நம்மூர்ப் பள்ளியில்தான் படிக்கிறான்.

மாநாடுகளால் பயன் உண்டா?

உண்டு, இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது. 1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜோம்டியனில் 'அனைவருக்கும் கல்வி' மாநாடு நடந்தது. இலக்கு ஆண்டு 2000. அது நிறைவேறாமல் 2000இல் செனகலின் தக்கரில் கூடி இலக்கை 2015க்குத் தள்ளினார்கள். 2015இல் கொரியாவின் இஞ்சியோனில் கூடி 2030 என்றார்கள். கடனைப் புதுப்பிப்பது போலத் தவணை நகர்ந்து கொண்டே வந்தது.

ஆனால் ஜோம்டியனின் ஒரு பலன் நம் வாசல் வரை வந்ததை மறக்கக்கூடாது. அதன் தொடர்ச்சியாக 1994இல் இந்தியாவில் வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், பெண் எழுத்தறிவு தேசிய சராசரிக்கும் கீழே இருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் வந்தவற்றுள் தருமபுரியும் ஒன்று. அப்போது ஓசூர் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. புதிய வகுப்பறைகள், ஆசிரியர் பயிற்சி, இன்றும் இயங்கும் வட்டார வள மையங்கள் எல்லாம் அந்தத் திட்டத்தோடு வந்தவை. யாரோ எங்கோ கூடிப் பேசியதன் பயனைத் தளி, கெலமங்கலம் கிராமத்துப் பிள்ளைகள் அனுபவித்தார்கள்.

நமது சமுதாயத்திலும் உதாரணம் உள்ளது. சர் சையத் அஹ்மத் கான் 1886இல் அலிகரில் தொடங்கிய முஸ்லிம் கல்வி மாநாடு 1901இல் சென்னையில் கூடியது. அடுத்த ஆண்டே 'மியாசி' எனப்படும் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1951இல் சென்னை நியூ காலேஜை நிறுவியது அந்தச் சங்கம்தான். மாறாக, 1977இல் மக்காவில் நடந்த முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாட்டில் அறிஞர்கள் 313 பேர் கூடி, மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் பிரிந்து கிடப்பதே நோய் என்று சரியாகக் கண்டறிந்தார்கள். இஸ்லாமாபாத், டாக்கா, ஜகார்த்தா என்று தொடர்ந்து கூடினார்கள். நம் மதரசாப் பாடத்திட்டங்களில் அதனால் விளைந்த மாற்றம் மிகச் சொற்பம். சென்னைக் கூட்டத்திற்குப் பின் ஊரில் ஒரு சங்கம் நின்றது. மக்காவிற்குப் பின் நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கட்டுரைத் தொகுதிகள்.

ஜூஜுவாடியில் நின்று பார்த்தால்

ஓசூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜுவாடி. தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஒருபுறம் சிப்காட் தொழிற்சாலைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்னி உருது நான்கும் ஒரே தெருவில் கேட்கும். இப்போது இந்தி, போஜ்புரி, வங்காளம், ஒடியா ஆகியவையும் சேர்ந்துவிட்டன. வேலை தேடி வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இங்கே எந்த மொழியில் பாடம் என்பதே முதல் முட்டுக்கட்டை. உருது பேசும் நம் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்பிக்கும் சட்டத்தால் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்கு எழுந்த சிக்கலில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நமது கருத்தைக் கேட்டால், விலக்கு வாங்குவது தற்காலிக நிவாரணமே. உருதுவை வீட்டிலும் மக்தபிலும் காப்பாற்றிக்கொண்டு, தமிழை முதல் வகுப்பிலிருந்தே ஒழுங்காகக் கற்பதுதான் இங்கே வாழப்போகும் பிள்ளைக்கு நல்லது. கத்தர் செய்த தவறு வேற்று மொழியைச் சேர்த்தது அல்ல. ஆசிரியரைத் தயார் செய்யாமல் சேர்த்தது.

மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் சிலர் காலையில் எந்தப் பள்ளிக்கும் போவதில்லை என்பது உஸ்தாதுகளுக்குத் தெரியும். கேட்டால் "டி.சி. ஊரில் இருக்கிறது", "ஆதாரில் வயது தப்பு", "பாதி வருஷத்தில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்" என்று பதில் வரும். சட்டம் இந்த மூன்றுக்கும் ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. 15ஆம் பிரிவின்படி சேர்க்கைக் காலம் முடிந்த பின் வந்தாலும் மறுக்கக் கூடாது. 4ஆம் பிரிவு, படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்த மாநிலத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கவனமாக இருக்க வேண்டும். 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரசாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. மதரசாக்களைப் பாதுகாக்கக் கேட்டுப் பெற்ற விலக்கு இது. ஆனால் முழுநேர மதரசாவில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் ஏட்டுக் கல்விக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாத நிலையும் இதனால் ஏற்பட்டது. ஆக அந்தப் பொறுப்பு நிர்வாகிகளின் தலையில்தான் விழுகிறது. பதினான்கு வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்பு எழுதலாம். ஓதிக்கொண்டே எழுதிய ஆலிம்கள் பலர் பட்டப்படிப்பு வரை போயிருக்கிறார்கள். நாமும் அப்படிப் போனவர்களில் ஒருவர்தான். எட்டாவது, பத்தாவதோடு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. ராஜஸ்தானில் சஃபீனா ஹுசைனின் அமைப்பும் பெரிய பெண்களுக்கு இப்போது இதே திறந்தநிலைத் தேர்வைத்தான் நாடுகிறது.

அங்கே தொண்டர்கள் முதலில் செய்தது பட்டியல் எடுத்தது. நமக்கு அந்தச் சிரமம்கூடப் பாதிதான். பெரும்பாலான ஜமாஅத்களில் குடும்பப் பதிவேடு இருக்கிறது. சந்தா யார் கட்டினார், யார் பாக்கி என்பது இருக்கும். நிகாஹ் தஃப்தரில் மணமக்களின் வயது இருக்கும். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதற்கு மட்டும் கட்டம் இருக்காது. வாடகைக்கு வந்த வடமாநிலத்துக் குடும்பம் பதிவேட்டிலேயே இருக்காது. ஜும்ஆவில் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வரைய ஓர் அளவுகோலும் பேனாவும் போதும். ஷஅபான் மாதத்தில் சந்தா வசூலுக்கு வீடு வீடாகப் போகும் இளைஞர்களே அதை நிரப்பி வரலாம். பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. பட்டியல் மே மாதத்திற்குள் தலைமையாசிரியரின் மேசைக்குப் போனால்தான் பிள்ளைக்கு முதல் நாளே இடமும் புத்தகமும் கிடைக்கும்.